பதினாறு ஷில்லிங் ஒரு மார்க்: ஹான்சா நகரங்களில் வெள்ளிக் காசு தேடி

செவ்வாய், ஹாம்பர்க்

ஜெர்மனியில் கடைக்காரர் தரும் யூரோ சில்லறையைச் செலவழிக்கும் முன் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். ஓரத்தில் எங்காவது ஓர் எழுத்து ஒளிந்திருக்கும். ஏ என்றால் பெர்லின், டி மியூனிக், எஃப் ஸ்டுட்கார்ட், ஜி கார்ல்ஸ்ரூஹ. ஜே என்றால் ஹாம்பர்க். நாட்டுக்குக் காசு அடிக்கிற ஐந்து நாணயச்சாலைகளில் ஒன்று இன்றைக்கும் இந்த நகரத்தில் ஓடுகிறது. ரயில் நிலையத்தில் காபி வாங்கியபோது எனக்கு வந்த சில்லறையில் இரண்டு ஜே இருந்தன. நல்ல சகுனம் என்று வைத்துக்கொண்டேன்.

நான் தேடி வந்த காசுகள் இவற்றைவிட அறுநூறு, எழுநூறு வருஷம் மூத்தவை. ராஜாவோ கோமகனோ அல்ல, ஊர்க்காரர்களே அடித்த வெள்ளிக் காசுகள். பால்டிக் கடலையும் வட கடலையும் ஒட்டிய வணிக நகரங்கள் ஹான்சா என்ற பெயரில் கூடி வியாபாரம் செய்த காலம் அது. மேற்கே லண்டன், புரூஜ், வடக்கே நார்வேயின் பெர்கன், கிழக்கே ரஷ்யாவின் நோவ்கோரோத் வரை அவர்களுக்குக் கிடங்குகள் இருந்தன. உப்பும் நெத்திலிக்கு அண்ணன் போன்ற ஹெர்ரிங் மீனும் மெழுகும் மென்மயிர்த் தோலும் துணியும் அந்த வழியாகப் போய் வந்தன. இவ்வளவும் நடக்கக் கைக்குக் கை மாறியது என்ன காசு, அதை எதற்காக நம்பினார்கள்? இந்தப் பயணத்தில் எனக்கு இருக்கிற கேள்வி அதுதான்.

மத்தியானம் டிராஸ்ட் பாலத்துக்குப் போனேன். 1842 பெருந்தீ வரைக்கும் பழைய நகரமன்றம் இதன் பக்கத்தில்தான் இருந்தது. தீ பரவாமல் தடுக்க அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1619-ல் தொடங்கிய ஹாம்பர்க் வங்கியும் இந்த வட்டாரம்தான். இப்போது பாலத்தின் இரு ஓரமும் ஒவ்வொரு சிலை. ஒன்று ஆன்ஸ்கர் என்ற பாதிரியார், இன்னொன்று மூன்றாம் அடால்ஃப் என்ற ஹோல்ஸ்டைன் பிரபு. பாதிரியாரை விட்டுவிடலாம். எனக்கு வேண்டியவர் பிரபு.

ஹோல்ஸ்டைன் பிரபுக்கள் கையில்தான் ஹாம்பர்க்கின் நாணய உரிமை இருந்தது. அன்றைய பிரபுக்கள் பலருக்குக் காசு அடிப்பது ஒரு வருமான வழி. எப்படி என்றால், சில வருஷத்துக்கு ஒரு முறை, சில இடங்களில் வருஷத்துக்கு ஒரு முறைகூட, பழைய காசு செல்லாது என்று அறிவிப்பார்கள். பன்னிரண்டு பழைய காசைக் கொண்டுவந்தால் ஒன்பது புதுக் காசு கிடைக்கும். மிச்சம் மூன்று பிரபுவுக்கு. வரி என்ற பெயரே இல்லாமல் வரி வசூல்! வீட்டில் நாலு காசு வைத்திருக்கும் குடியானவனுக்கே இது எரிச்சல். குளிர்காலம் முழுக்கச் சரக்கைக் கிடங்கில் வைத்துக்கொண்டு வசந்தத்தில் விற்கிற வியாபாரிக்கு இது வயிற்றில் அடிக்கிற வேலை. அதனால் பணம் சேர்ந்த நகரங்கள் ஒவ்வொன்றாக நாணய உரிமையைப் பிரபுவிடமிருந்து தம் கைக்கு மாற்றிக்கொண்டன. ஹாம்பர்க் 1325-ல் செய்தது. பிரவுன்ஷ்வைக் நகரம் 1412-ல் இப்படிக் கிடைத்த காசுக்கு ‘என்றும் உள்ள ஃபெனிக்’ (ஃபெனிக் என்பது அன்றைய சின்ன வெள்ளிக் காசு) என்றே பேர் வைத்தது. இனிமேல் யாரும் செல்லாது என்று சொல்ல முடியாது என்று அர்த்தம்.

ஹாம்பர்க்கின் சின்ன ஃபெனிக் காசில் ஒரு கோட்டை வாசல் இருக்கும். வாசலுக்கு நடுவே காஞ்சொறி இலை ஒன்று. அது ஹோல்ஸ்டைன் பிரபுக்களின் சின்னம். உரிமையை வாங்கிக்கொண்ட நகரம் இலையை மட்டும் எடுக்கவில்லை. மக்களுக்குப் பழகிய முகத்தை மாற்றினால் காசைச் சந்தேகப்படுவார்கள் என்று நினைத்திருக்கலாம் என்பது என் ஊகம்.

சாயங்காலம் மழை. ஹாம்பர்க்கில் மழை பெய்தது என்று எழுதுவது செய்தி ஆகாது. நாளை லூபெக்.

புதன், லூபெக்

ஹாம்பர்க்கிலிருந்து உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரம். நிலையத்திலிருந்து நடந்தால் ஹோல்ஸ்டன் வாசல் எதிரே நிற்கிறது. இரண்டு பருத்த செங்கல் கோபுரங்கள், தலையில் கூம்புத் தொப்பி. பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டியது. தன் எடை தாங்காமல் சதுப்பு நிலத்தில் கொஞ்சம் புதைந்து சாய்ந்திருக்கிறது. பழைய ஐம்பது மார்க் நோட்டின் பின்பக்கத்தில் இருந்தது இதே வாசல்தான். 2006-ல் வந்த இரண்டு யூரோ நினைவு நாணயத்திலும் இதுதான். பணத்தோடு இந்த ஊருக்குத் தொடர்பு விட்டே போகவில்லை.

அந்தத் தொடர்பு தொடங்கிய ஆண்டு 1226. இரண்டாம் ஃபிரெடெரிக் சக்கரவர்த்தி அப்போது இத்தாலியில் இருந்தார். லூபெக் தூதர்கள் அவ்வளவு தூரம் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிப் போய், போர்கோ சான் டொன்னினோ என்ற ஊரில் அவரிடம் சாசனம் வாங்கி வந்தார்கள். இனி லூபெக்குக்கு நேரடி எஜமான் சக்கரவர்த்தி மட்டும்தான், நடுவில் எந்தப் பிரபுவும் கிடையாது. கூடவே சக்கரவர்த்தியின் பெயரில் காசு அடிக்கும் உரிமை, அதற்கு ஆண்டுக்கு அறுபது மார்க் எடை வெள்ளி கப்பம். எஜமான் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார், வந்து எட்டிப் பார்க்கப் போவதில்லை. இதைவிட வசதியான எஜமான் ஒரு வியாபாரிக்குக் கிடைப்பாரா?

இன்று பெரும்பகுதி நேரம் ஐரோப்பிய ஹான்சா அருங்காட்சியகத்தில் போனது. 2015-ல் திறந்தது, பழைய துறவிமடத்தோடு ஒட்டியது. நோவ்கோரோத் கரையில் தோல் மூட்டை, புரூஜ் சந்தையில் துணி என்று அன்றைய காட்சிகளை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். எனக்குக் கண்ணாடிப் பெட்டிகள் போதும்.

லூபெக்கின் ஆரம்பக் காசு ஒருபக்கக் காசு. உள்ளே குழிந்தும் வெளியே புடைத்தும் இருக்கும் மெல்லிய வெள்ளித் தகடு. நடுவில் கிரீடம் வைத்த ஒரு தலை. யார் தலை என்று பேர் கிடையாது, சக்கரவர்த்தி என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கண் இரண்டு புள்ளி, சுருள் முடி இரண்டு கொத்து. எடை அரை கிராம் அளவு. இத்தனை மெல்லிசாக ஏன் என்று கேட்டால், ஒரு ஃபெனிக்குக்கு உரிய வெள்ளி அவ்வளவுதான். அதைத் தடிமனாக அடித்தால் மிளகு அளவுக்குச் சுருங்கிவிடும், விரலில் பிடிக்க முடியாது. தகடாக விரித்தால் பார்க்கவும் எண்ணவும் வசதி. அடியில் தோலோ ஈயமோ மெத்தென்று வைத்து, மேலே ஒற்றை அச்சால் ஓர் அடி. அச்சின் உருவம் ஒரு பக்கம் பதிந்து, மறுபக்கம் அதே உருவம் தலைகீழாக எழும்.

இந்தக் காசை மடியில் வைத்துத் தினமும் நடமாடினால் நசுங்கும், மடங்கும், உடையும். அதனால் பெரிய காசு தேவைப்பட்டது. பதினான்காம் நூற்றாண்டில் லூபெக் இருபக்கமும் அச்சிட்ட கெட்டியான காசை அடிக்கத் தொடங்கியது. நான்கு ஃபெனிக் மதிப்பு, பேர் விட்டன். ஒரு பக்கம் இருதலைக் கழுகு, மறுபக்கம் சிலுவை. சுற்றிலும் லத்தீனில் ‘மொனேட்டா லூபிசென்சிஸ்’, அதாவது லூபெக்கின் காசு. மறுபக்கம் ‘சிவிட்டாஸ் இம்பீரியாலிஸ்’, சக்கரவர்த்தியின் நகரம். 1226 சாசனத்தை ஒவ்வொரு காசிலும் திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்துகிறார்கள்.

இப்போது கணக்கு. பன்னிரண்டு ஃபெனிக் ஒரு ஷில்லிங். பதினாறு ஷில்லிங் ஒரு மார்க். ஆக ஒரு மார்க்குக்கு 192 ஃபெனிக். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. 1957-க்கு முன் நம் ஊரில் பன்னிரண்டு பை ஓரணா; பதினாறு அணா ஒரு ரூபாய்; ரூபாய்க்கு 192 பை. லூபெக் மீன்காரியையும் மதுரைப் பூக்காரியையும் இடம் மாற்றி உட்கார வைத்தால்கூடச் சில்லறைக் கணக்கில் இருவரும் தடுமாற மாட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. பன்னிரண்டும் பதினாறும் பாதி, கால் என்று உடைக்க வசதியான எண்கள், அவ்வளவுதான். ஹாம்பர்க்கும் லூபெக்கும் இந்தக் கணக்கை ஜெர்மன் பேரரசு நூறு ஃபெனிக் மார்க்கைக் கொண்டுவரும் 1870கள் வரை விடவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை நூற்றாண்டு கணக்கு எழுதியும் மார்க் என்று ஒரு காசை யாரும் வெகு நாளாய்க் கண்ணால் பார்த்ததில்லை. அது கணக்குப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. ஷில்லிங்கே காசாக வந்தது பதினைந்தாம் நூற்றாண்டில்தான். மார்க் காசு வந்தது பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

வியாழன், இன்னும் லூபெக்

காலையில் ஒரு காசுக் கடை. கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். விட்டன் பார்க்க வேண்டும் என்றதும் உற்சாகமாகிவிட்டார். பச்சைத் துணி விரித்த தட்டில் ஒன்றை வைத்து, “விளிம்பைப் பிடியுங்கள், முகத்தைத் தொடாதீர்கள்” என்றார். ஐந்து ரூபாய்க் காசைவிடச் சின்னது, ஒன்றரை கிராமுக்கும் குறைவு. பளபளப்பே இல்லை, பழுப்பு கலந்த சாம்பல் நிறம். தேய்த்துக் கழுவலாமா என்று கேட்டேன். கையை நீட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்! அறுநூறு வருஷத்தில் படிந்த அந்தக் கறைக்குத்தான் பாதி விலையாம்.

அவர் அடுத்தடுத்து மூன்று விட்டன்களைத் தராசில் வைத்துக் காட்டினார். மூன்றும் ஒரே ஊர், ஒரே வகை. எடை மட்டும் மூன்று விதம். தேய்மானம் மட்டும் காரணம் இல்லை. அந்தக் காலத்தில் காசை ஒவ்வொன்றாக நிறுத்து அடிக்கவில்லை. ஒரு மார்க் எடை வெள்ளிக்கு இத்தனை காசு என்பதுதான் சட்டம். மார்க் என்பது பணக் கணக்குக்கு மட்டும் அல்ல, எடைக்கும் பேர்; கொலோன் நகரத்து மார்க் எடை சுமார் 234 கிராம். அந்த மொத்தம் சரியாக இருந்தால் போதும், ஒன்று கொஞ்சம் கூட, ஒன்று கொஞ்சம் குறைவு என்று இருக்கலாம். புத்திசாலிகள் சும்மா இருப்பார்களா? தராசு வைத்து, கனமான காசுகளைப் பொறுக்கி எடுத்து உருக்கி வெள்ளியாக விற்றுவிட்டு, லேசான காசுகளைச் சந்தையில் தள்ளிவிட்டார்கள். நகரமன்றங்கள் தண்டனை என்று மிரட்டிப் பார்த்தன. மிரட்டலைத் திரும்பத் திரும்ப அறிவிக்க வேண்டி இருந்தது என்றால் எவ்வளவு பலித்தது என்று புரிந்துகொள்ளலாம்.

வெள்ளியின் மாற்றை, அதாவது சுத்தத்தை, பதினாறு லோட் என்ற அளவில் சொன்னார்கள். பதினாறு லோட் சுத்த வெள்ளி. பதினைந்து என்றால் பதினாறில் ஒரு பங்கு செம்பு. வெள்ளியையும் செம்பையும் உருக்கிக் கம்பியாக வார்த்து, சுத்தியலால் அடித்துத் தகடாக்கி, கத்தரியால் வில்லை வில்லையாக வெட்டி, உப்பும் புளிப்பும் கலந்த நீரில் கொதிக்க வைப்பார்கள். மேற்புறச் செம்பு கரைந்து காசு வெள்ளை வெளேர் என்று ஆகும். மாற்றுக் குறைந்த காசும் புதிதில் அதேபோல வெள்ளையாகத்தான் இருக்கும் என்பதுதான் இதில் உள்ள சங்கடம். கண்ணால் பார்த்து வாங்கியவன் ஏமாறுவான். உரைகல்லோ உருக்கிப் பார்க்கும் சோதனையோ தெரிந்தவன் மட்டும் தப்பிப்பான்.

இதற்கு வியாபாரிகள் கண்ட வழிதான் எனக்கு இந்தப் பயணத்திலேயே பெரிய விஷயமாகப் படுகிறது. லூபெக்கும் ஹாம்பர்க்கும் 1241-ல் வழிப்பறியைத் தடுக்க ஓர் ஒப்பந்தம் போட்டன. 1255-ல் காசின் எடைக்கும் மாற்றுக்கும் ஒப்பந்தம். 1379-ல் விஸ்மரையும் சேர்த்து ஒரு நாணயக் கூட்டு, சீக்கிரமே அதில் லூனபெர்க்கும் வந்தது. ஒரே எடை, ஒரே மாற்று, ஒரே அமைப்பு. ஊர்ச் சின்னம் மட்டும் வேறு. லூபெக்குக்குக் கழுகு, ஹாம்பர்க்குக்குக் கோட்டை, விஸ்மருக்குக் காளைத் தலை, லூனபெர்க்குக்குச் சிங்கம். எந்த ஊர்க் காசும் மற்ற ஊரில் செல்லும். இவர்களுக்கு மேலே ஒரு ராஜா இல்லை, பொதுவான கஜானா இல்லை, படை இல்லை. கூடிப் பேசி எழுதிய தீர்மானம் மட்டும் இருந்தது. பக்கத்து ஊர்க்காரன் என் காசை உருக்கிப் பார்ப்பான் என்ற பயமும் இருந்தது. யூரோவுக்கு முன்னோடி என்று இதைச் சுற்றுலாக் கையேடுகள் புகழ்கின்றன. எனக்கு அந்தப் புகழ்ச்சி கொஞ்சம் அதிகம் என்று தோன்றுகிறது. ஒன்றையொன்று சந்தேகப்படத் தெரிந்த நாலு ஊர்கள் என்று சொன்னால் நியாயமாக இருக்கும்.

ஏனென்றால் இவர்களும் காசில் வெள்ளியைக் குறைக்காமல் இல்லை. 1226 வாக்கில் ஒரு மார்க் எடை சுத்த வெள்ளியிலிருந்து இரண்டு மார்க் பணத்துக்குச் சற்று அதிகமான காசுகள் அடித்தார்கள். 1506-ல் அதே வெள்ளியிலிருந்து பன்னிரண்டு மார்க்குக்கு மேல். பிரபு ஒரே நாளில் பிடுங்கியதை நகரமன்றம் முந்நூறு வருஷத்தில் பொறுமையாக எடுத்துக்கொண்டது என்று கோபமாகச் சொல்லலாம். ஆனால் அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்க வெள்ளிப் பஞ்சம். பக்கத்து நாடு மாற்றைக் குறைத்துவிட்டால் நம் நல்ல காசு அங்கே ஓடிப்போய் உருகிவிடும், நம் சந்தையில் அவர்களின் மட்டக் காசுதான் மிஞ்சும். நல்லவனாகத் தனியே நிற்பது அந்த ஆட்டத்தில் நஷ்டக் கணக்கு.

லூபெக் தங்கமும் அடித்தது என்பதை ஒரு வரியில் சொல்லி முடிக்கிறேன். 1340-ல் பவேரியாவின் லுட்விக் சக்கரவர்த்தி உரிமை தந்தார், ஃபுளோரன்ஸ் நகரத்துக் காசைப் போலவே லில்லிப் பூவும் ஸ்நாபக யோவானும் போட்டு அடித்தார்கள். தங்கம் தூரத்து வியாபாரத்துக்கு. ஊர்ச் சந்தை வெள்ளியில்தான் ஓடியது.

மாலையில் டிராவ ஆற்றங்கரையோரம் நடந்து இசைக் கல்லூரிப் பக்கம் போனேன். 1984-ல் இங்கே கட்டட வேலை நடந்தபோது மண்ணிலிருந்து காசு கொட்டியது. இருபத்து மூவாயிரத்துக்கு மேல். சுமார் நானூறு தங்கம், மற்றதெல்லாம் வெள்ளி. புதைத்தது 1530களில். அந்தப் பத்தாண்டு லூபெக்குக்குக் கெட்ட காலம். வுல்லன்வேவர் என்ற மேயர் டென்மார்க் அரியணைச் சண்டையில் நகரத்தை இழுத்துவிட்டுத் தோற்று, 1537-ல் தலையை இழந்தார். பணத்தைப் புதைத்தவர் யாரானாலும் ஊர் நிலவரம் சரியில்லை என்று கணித்திருக்கிறார். அந்தக் குவியலில் பல ஊர்களின் காசுகள் கலந்து கிடந்தன. ஒரு வியாபாரியின் பெட்டியில் நாளெல்லாம் என்ன வந்து விழும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடைக்காது.

கடைக்காரரிடம் ஒரு விட்டன் வாங்கினேனா என்று கேட்பீர்கள். வாங்கினேன். இரண்டு பேர் ஹோட்டலில் நன்றாகச் சாப்பிடும் விலை. மார்சிபன் என்ற பாதாம் இனிப்பு வாங்கியதைச் சொல்ல மாட்டேன், அதில் ஏமாந்த கதை எதுவும் இல்லை, சாப்பிட்ட கதைதான்.

வெள்ளி, விஸ்மர்

பாட் கிளைனன் என்ற சின்ன நிலையத்தில் வண்டி மாறி விஸ்மர். சந்தைச் சதுக்கம் நூறு மீட்டருக்கு நூறு மீட்டர், நடுவில் 1602-ல் முடித்த தண்ணீர்க் கோபுரம். அதன் பின்னால் ‘பழைய ஸ்வீடன்காரர்’ என்ற பேரில் ஒரு செங்கல் வீடு, ஏறத்தாழ 1380-ல் கட்டியது. நாணயக் கூட்டு கையெழுத்தான அடுத்த வருஷம்! அந்தப் படிக்கட்டு முகப்பைக் கட்டிய கொத்தனாருக்குக் கூலி புது விட்டனில்தான் போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டே ஒரு மீன் ரொட்டி சாப்பிட்டேன்.

மரியன்னை கோயிலின் கோபுரம் மட்டும் தனியாக நிற்கிறது. போரில் சேதமான மீதிக் கட்டடத்தை 1960-ல் வெடி வைத்து அகற்றிவிட்டார்கள். வேறு ஒன்றும் எனக்கு இங்கே வேலையில்லை. காளைத் தலை ஊரெங்கும் இருக்கிறது, சாக்கடை மூடி உட்பட. கடல் காற்று காதைக் கிள்ளியது, அடுத்த வண்டி பிடித்துத் திரும்பினேன்.

சனி, லூனபெர்க்

இந்தக் கூட்டில் கடல் துறைமுகம் இல்லாத ஊர் இது ஒன்றுதான். ஆனால் மற்ற மூன்றும் இதை விட முடியாது. காரணம் உப்பு. ஊருக்கு அடியிலேயே உப்புப் பாறை, அதிலிருந்து ஊறிய நீரை ஈயச் சட்டிகளில் காய்ச்சி உப்பு எடுத்தார்கள். 956-ல் முதலாம் ஓட்டோ மன்னர் இந்த உப்பின் சுங்கத்தை ஒரு மடத்துக்கு எழுதிக் கொடுத்த ஏடு இருக்கிறது. 1980 வரை ஆலை நடந்தது. பால்டிக் கடலில் ஹெர்ரிங் மீன் கூட்டம் கூட்டமாகப் பிடிபடும், உப்பு இல்லையென்றால் மூன்றாம் நாள் நாற்றம். லூனபெர்க் உப்பு வண்டியில் லூபெக் போனது. 1398-லிருந்து ஸ்டெக்னிட்ஸ் கால்வாயில் படகிலும் போனது. அங்கிருந்து பீப்பாய்களில் அடைத்த மீனாக ஐரோப்பா முழுக்கப் போனது. இந்தக் கடற்கரை நகரங்களில் எதிலும் வெள்ளிச் சுரங்கம் கிடையாது. உப்பும் மீனும் விற்றுத்தான் வெள்ளி உள்ளே வந்தது. செக் நாட்டுக் குட்னா ஹோரா சுரங்கத்தின் பிராக் குரோஷன் காசுகள் வந்தன, இங்கிலாந்துப் பென்னிகள் வந்தன. நாணயச்சாலை அவற்றை உருக்கியது. உருக்க மனமில்லாத ஊர்கள், முக்கியமாக வெஸ்ட்ஃபாலியா, கீழ் சாக்சனி பக்கம், பிராக் காசின் மீதே தங்கள் சின்னத்தைக் குத்திப் ‘பார்த்தாயிற்று, செல்லும்’ என்று அனுப்பின. அந்தக் குத்துக் காசுகள்தான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தவை. ஒரே காசில் மூன்று நான்கு ஊர்க் குத்துகள் இருக்கும்.

1371-ல் ஊர்க்காரர்கள் கால்க்பெர்க் என்ற குன்றின் மேல் இருந்த கோமகனின் கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். காசில் சிங்கம் மட்டும் கோமகன் வம்சத்துடையதாக நின்றுவிட்டது. ஹாம்பர்க்கின் காஞ்சொறி இலை மாதிரியேதான்.

உப்புச் சட்டிகளின் பங்குகளைக் கோயில்களும் மடங்களும் வாங்கி வைத்துக்கொண்டு வருஷா வருஷம் வருமானம் பார்த்தன. நகரம் கடனில் மூழ்கியபோது அந்த வருமானத்தில் பங்கு கேட்டது. பாதிரிமார்கள் மறுத்தார்கள். 1446-லிருந்து 1462 வரை நடந்த இந்தத் தகராறுக்குப் ‘பாதிரிமார் போர்’ என்றே பேர். காசுத் தகராறு என்றால் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

நகரமன்றத்தில் ஒரு காலத்தில் வெள்ளிப் பாத்திரக் குவியலே இருந்தது. விருந்துக்குக் கிண்ணம், கூஜா, சிங்க உருவம் எல்லாம். அவசரத்துக்கு உருக்கிக் காசாக்கலாம் என்பதால் அது நகரத்தின் சேமிப்பும்கூட. மிஞ்சியதை 1874-ல் பெர்லினுக்கு விற்றுவிட்டார்கள். இங்கே பார்ப்பது நகல். நகல் என்று தெரிந்ததும் கூட வந்த கூட்டம் பாதி கலைந்தது. நான் நின்று பார்த்தேன், வேலைப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது.

உப்பை உறிஞ்சிய இடத்தில் ஊர் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. மிகேலிஸ் கோயிலின் தூண்கள் சாய்ந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. சுற்றுவட்டத்தில் சில வீடுகளின் கதவுச் சட்டங்கள் செங்கோணம் மறந்துவிட்டன.

ஞாயிறு, கோஸ்லர்

ஹனோவர் போய் அங்கிருந்து தெற்கே. ஹார்ஸ் மலை தொடங்கும் இடத்தில் கோஸ்லர். இதுவும் ஹான்சா நகரம், ஆனால் முற்றிலும் வேறு ரகம். மற்றவர்கள் வெள்ளியை வாங்கினார்கள், இவர்களுக்குத் தோட்டத்துப் பின்புறம் மலையே வெள்ளி. ராம் என்ற வீரனின் குதிரை குளம்பால் மண்ணைக் கீற, வெள்ளி மின்னியது என்பது கதை. அதனால் ராமெல்ஸ்பெர்க். சுரங்கம் ஆயிரம் வருஷத்துக்கு மேல் நடந்து 1988-ல் மூடியது. 1992-ல் யுனெஸ்கோ பட்டியல்.

பத்தாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இந்த வெள்ளியில் அடித்த ஓட்டோ–அடெல்ஹைட் ஃபெனிக்குகள் ஸ்வீடன், போலந்து வரை புதையல்களில் அள்ள அள்ள வருகின்றன. ஒரு பக்கம் மர வீடு போல ஒரு கோயில், மறுபக்கம் சிலுவையின் நான்கு மூலையில் நான்கு எழுத்தாக ‘ஓட்டோ’. சிறுவன் ராஜா மூன்றாம் ஓட்டோவுக்கும் அவன் பாட்டி அடெல்ஹைட்டுக்கும் பொதுவான காசு. ஹான்சா பிறப்பதற்கு வெகு முன்பே பால்டிக் கரையில் ஹார்ஸ் வெள்ளி புழங்கியிருக்கிறது.

சுரங்கத்துக்குள் தலைக்கவசத்தோடு போனோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தண்ணீர் வடியத் தோண்டிய கால்வாயின் சுவர்களில் பச்சை, நீலம், மஞ்சள், துருச் சிவப்பு என்று உப்புகள் வழிந்து உறைந்திருக்கின்றன. கூட வந்தவர் ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளி. இங்கே கிடைப்பது பெரும்பாலும் ஈயமும் துத்தநாகமும் செம்பும், வெள்ளி சொற்பம், ஈயத்துக்குள் ஒளிந்திருக்கும் என்று விளக்கினார். ஈயத்தை எலும்புச் சாம்பலும் மரச் சாம்பலும் பூசிய அடுப்பில் உருக்கிக் காற்று ஊதினால், ஈயம் துருவாகி ஓடிவிடும், கடைசியில் வெள்ளி மட்டும் ஒரு கணம் பளிச்சென்று மின்னி உறையும். “கரி எவ்வளவு வேண்டும் தெரியுமா?” என்று கேட்டுவிட்டு அவரே மலையைக் காட்டினார்.

வெளியே வந்தால் அது கண்ணுக்குத் தெரிகிறது. உருக்கு அடுப்புக்கும் சுரங்கத் தூணுக்கும் இயற்கைக் காட்டை வெட்டித் தீர்த்தார்கள். பிறகு வேகமாக வளரும் ஸ்ப்ரூஸ் மரத்தையே வரிசையாக நட்டார்கள். 2018-க்குப் பின் வந்த வறட்சியிலும் பட்டை வண்டிலும் அந்த ஒற்றை இன மரங்கள் சரிவு சரிவாகக் காய்ந்துவிட்டன. ஹார்ஸ் மலையின் பெரும்பகுதி இப்போது மொட்டை. பருவநிலை ஒரு காரணம், சரி. ஆனால் அங்கே அந்த மரம் ஏன் நின்றது என்பதற்குக் காரணம் நான் பையில் வைத்திருக்கிற மாதிரிக் காசுகள்தான்.

1552-ல் பிரவுன்ஷ்வைக் கோமகன் ஹைன்ரிக் சுரங்கத்தையும் காட்டின் பெரும்பகுதியையும் கோஸ்லரிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். அதோடு ஊரின் செல்வாக்கு முடிந்தது. வேறு பணம் இல்லாததால் பழைய வீடுகளை இடித்துப் புதிது கட்டவும் முடியவில்லை. நாம் இன்று புகைப்படம் எடுப்பது அந்த ஏழ்மையைத்தான்.

கோஸ்லரின் குரோஷன் ஒன்றில் சீமோன், யூதா என்ற இரண்டு புனிதர்கள் நிற்பார்கள். செதுக்கியவர் கைவண்ணத்தில் இருவரும் வயல்காட்டிலிருந்து நேரே வந்தவர்கள்போல இருந்ததால், ஜனங்கள் அதற்குக் ‘குடியானவன் குரோஷன்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அதைத் தேடி ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடையும் திறந்திருக்கவில்லை.

சந்தைச் சதுக்கத்தில் 1494-ல் துணி வியாபாரிகள் சங்கம் கட்டிய வீடு பிற்காலத்தில் ஹோட்டல் ஆனது. முகப்பில் சக்கரவர்த்திகள் வரிசையாகக் கம்பீரமாக நிற்கிறார்கள். மூலையில், அவர்களுக்குக் கீழே, ஒரு குட்டி மனிதர் குந்திக்கொண்டு, உடம்பின் பின்புறத்தால் டுக்காட் என்ற தங்கக் காசு ஒன்றை வெளியேற்றிக்கொண்டிருக்கிறார். கடன் வாங்கித் திருப்பித் தராதவர்களைக் கிண்டல் செய்ய வைத்தது என்கிறார்கள். எல்லாருடைய கேமராவும் சக்கரவர்த்திகளை விட்டுவிட்டு இவரைத்தான் நோக்குகிறது. சுரங்கம், கரி, செம்புக் கலப்பு, பக்கத்து ஊர்க்காரனின் சோதனை என்று எந்தச் செலவும் இல்லாமல் காசு அடிக்கிற நாணயச்சாலை இந்த வட்டாரத்திலேயே இவருடையது மட்டும்தான்.